ஒன்றையொன்று சார்ந்த பாகங்கள்: கணனிவழி வடிவமைப்பின் வரலாற்றில் ஒரு பிரச்சினை

ஒரு பொறி பல பாகங்களாலானது என்பது யாவரும் அறிந்தவொன்று. ஆயின் அப்பாகங்களிடையே நிலவும் உறவு ஒருவகையினதன்று, இருவகையினது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. எது எதனுள் அடங்கியது என்பது முதலாவது உறவு. நீரிறைக்கும் பம்பி ஒன்றை எடுத்துக்கொண்டால், பம்பியினுள் உறை அடங்கும், மூடி அடங்கும், சுழலி அடங்கும். மூடியைப் பூட்டும் ஆணிகளும் சுரைகளும் அடங்கும். எதன் வடிவம் எதன் வடிவத்தைப் பொறுத்தது என்பது இரண்டாவது உறவு. மூடியிலுள்ள ஆறு துளைகளும் எங்கே அமையவேண்டும் என்பதை மூடி தானாகத் தீர்மானிப்பதில்லை. உறையின் விளிம்பிலுள்ள ஆறு துளைகள் தீர்மானிக்கின்றன. அல்லது மூடியே முதலிற் செய்யப்பட்டதெனின் உறை அதனைப் பின்பற்றவேண்டும். இவ்விரண்டில் எது எதனைச் சார்ந்தது என்பதை இயற்கை விதிப்பதில்லை, வடிவமைப்போனே விதிக்கின்றான். முதலாவது உறவை ஒரு மரமாக வரைந்து காட்டலாம். இரண்டாவது உறவோ மரத்தினுள் அடங்காது. அது ஒரு வலை.

கணனிவழி வடிவமைப்பின் வரலாற்றைப் பொதுவாகக் கருவிகளின் வரலாறாகக் கூறுவதே வழக்கம்: வரைபலகை போயிற்று, ஒளிப்பேனா வந்தது, திரை வந்தது, முப்பரிமாண உரு வந்தது என்றவாறு அது செல்லும். இக்கட்டுரை அதனை மேற்கூறிய இரண்டாவது உறவின் வரலாறாக நோக்க முயல்கின்றது. கலைப்பீட மாணவன் ஒருவன் பொறியியலாளரின் விடயத்திற் புகுவது துணிச்சலாகத் தோன்றலாம். ஆயினும் யார் யாரைச் சார்ந்துள்ளனர், ஒருவரின் மாற்றம் வேறெவரைத் தாக்கும், அதனை முன்கூட்டி அறிவிக்கும் கடமை எவருடையது ஆகிய வினாக்கள் வரலாறு பயில்வோருக்குப் புதியனவல்ல.

கைவினைஞனின் பட்டறையில் இப்பிரச்சினை எழவில்லை. துவக்கொன்றின் விசைப்பொறியைச் செய்யும் கொல்லன் ஒரு பாகத்தை முதலிற் செய்து, அதற்கேற்ப அடுத்ததை அராவி அராவிப் பொருத்துவான். சார்பு அவனது கையிலும் அரத்திலும் இருந்தது. அதன் விளைவாக ஒரு துவக்கின் பாகம் மற்றொரு துவக்கிற்குப் பொருந்தாது. போர்க்களத்தில் ஓர் உறுப்பு முறிந்தால் கொல்லனையே தேடவேண்டும். 1785ஆம் ஆண்டில், பிரான்சில் ஐக்கிய அமெரிக்காவின் தூதராயிருந்த தோமஸ் ஜெபர்சன், ஒனரே பிளாங் என்னும் துவக்குத் தொழில் வல்லுநரின் பட்டறைக்குச் சென்றார். அங்கே குவிக்கப்பட்டிருந்த பாகங்களிலிருந்து எழுந்தமானமாக எடுத்து விசைப்பொறிகள் சிலவற்றை அவர் தம் கையாலேயே பொருத்திப் பார்த்தார், யாவும் பொருந்தின. இதனைத் தம் நாட்டிற்குக் கடிதமூலம் அறிவித்தார். இச்செய்தி ஒன்றுக்கொன்று மாற்றத்தக்க பாகங்களின் தோற்றமாகவே நூல்களிற் பேசப்படுவது. எமது நோக்கில் அதன் முக்கியத்துவம் வேறு. பிளாங்கின் பட்டறையில் ஒரு பாகம் தன் அயற்பாகத்தைச் சார்ந்திருக்கவில்லை. இரண்டும் மூன்றாவதொன்றை, அதாவது மூலமாதிரியையும் அளவுமானியையும், சார்ந்திருந்தன. அயலவரைப் பார்த்து நடக்காது பொதுவிதியைப் பார்த்து நடத்தல் என்று இதனைக் கூறலாம். இரண்டு நூற்றாண்டுகளின் பின்னர் கணனித் திரையிலும் இதே தீர்வே மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது என்பதைப் பின்னர் காண்போம்.

அதே காலப்பகுதியில் மேசியர் இராணுவப் பொறியியற் பாடசாலையிற் பணியாற்றிய கஸ்பார் மோன்ஜ், முப்பரிமாணப் பொருளைத் தாளில் இரு பரிமாண எறியங்களாக வரையும் விவரணக் கேத்திரகணிதத்தை உருவாக்கினார். நெடுங்காலம் இராணுவ இரகசியமாகப் பேணப்பட்ட இம்முறை, 1795இல் அவர் ஆற்றிய விரிவுரைகளின் வழியாகவே பொதுவுடைமையாயிற்று. பிளாங்கின் அளவுமானியும் மோன்ஜின் வரைபடமும் ஒன்றிணைந்த இடத்திலேயே நவீன தொழிற்சாலையின் வரைபடக்கூடம் தோன்றியது. வரைபவன் ஒருவன், செய்பவன் வேறொருவன் என்ற பிரிவும் அங்கேயே உறுதிபெற்றது. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி உற்பத்தி உறவுகளை மாற்றும் என்று நாம் பரீட்சைக்கு எழுதுவதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

தாள்வரைபடம் ஒரு குறையுடையது. அது ஒரு பாகத்தின் வடிவத்தைச் சொல்லும். அவ்வடிவம் ஏன் அவ்வாறாயிற்று என்பதைச் சொல்லாது. மூடியின் வரைபடத்தில் துளைகளின் நிலை எண்களாக எழுதப்பட்டிருக்கும். அவ்வெண்கள் உறையின் வரைபடத்திலிருந்து பெறப்பட்டவை என்பது வரைஞனின் மனத்தில் மட்டுமே இருக்கும். உறையை வரைந்தவர் தமது துளைகளைச் சிறிது நகர்த்தினால் மூடியின் வரைபடம் தானாக மாறாது. எவரேனும் நினைவுகூர்ந்து மாற்றவேண்டும். போயிங் 747 விமானத்திற்கு ஏறத்தாழ 75,000 வரைபடங்கள் தேவைப்பட்டன. அவற்றிடையேயுள்ள சார்புகளை எந்த ஒரு மனிதனும் மனத்தில் வைத்திருத்தல் இயலாது. எனவே விமானக் கைத்தொழிலில் முழு அளவிலான மாதிரியுரு ஒன்றை உண்மையாகவே கட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று. ஒரு குழாய் செல்லவேண்டிய வழியில் வேறொருவர் தூணை நிறுத்தியிருந்தால் அது அங்கே கண்ணுக்குப் புலப்படும். மாதிரியுரு என்பது, வரைபடங்கள் மறந்துவிட்ட சார்புகளை நினைவூட்டும் ஒரு விலையுயர்ந்த சாதனம் எனலாம்.

கணனி இத்துறைக்குள் முதலிற் புகுந்தது வடிவத்தின் வழியாகவன்று, பட்டியலின் வழியாகவே. 1950களில் ஹங்கேரியிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய கணிதவியலாளர் அன்ட்றூ வசோனி, ஒரு பொருளினுள் எவ்வெப்பாகம் எத்தனை அடங்கும் என்பதைக் கணிக்கும் வலைப்படம் ஒன்றை அறிமுகப்படுத்தினார். அதனைக் கண்டுபிடித்தவர் செப்பார்சற் கொசின்ரோ என்னும் புகழ்பெற்ற இத்தாலியக் கணிதமேதை என்றும் அவர் எழுதினார். அப்படியொரு மேதை பிறந்ததே இல்லை. ‘உள்ளே செல்லும் பாகம்’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடரை விரைவாகச் சொன்னால் எழும் ஓசையே அப்பெயர். வேடிக்கைக்காகச் சூட்டிய பெயர் பாடநூல்களில் இன்றும் நிலைத்துள்ளது. பின்னர் 1966 முதல் 1968 வரை, சந்திரனுக்கு மனிதனை அனுப்பும் அப்பலோ திட்டத்திற்குரிய பாகப் பட்டியல்களைப் பேணும் பொருட்டு ஐ.பி.எம். நிறுவனம் றொக்வெல், கற்றர்பில்லர் ஆகிய நிறுவனங்களுடன் சேர்ந்து ஐ.எம்.எஸ். என்னும் தரவு முகாமை முறைமையை உருவாக்கிற்று. அது தரவுகளைக் கிளைவிடும் மரமாகவே ஒழுங்குபடுத்தியது. அடங்கல் உறவுக்கு மரம் போதுமானது. சார்பு உறவு அம்மரத்தில் இடம்பெறவில்லை.

சார்பு உறவைக் கணனிக்கு முதன்முதல் உணர்த்தியவர் ஒரு மாணவர் என்பது எம்போன்றோருக்கு உற்சாகமளிக்கும் செய்தி. மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஐவன் சதர்லண்ட் 1963 சனவரியிற் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வேடு ஸ்கெச்பாட் என்னும் செய்நிரலைப் பற்றியது. லிங்கன் ஆய்வுகூடத்தின் ரி.எக்ஸ்.-2 கணனியில், ஒளிப்பேனாவினாற் திரையில் வரையும் முறையை அது காட்டிற்று. பலரும் வியந்தது ஒளிப்பேனாவையே. ஆனால் அச்செய்நிரலின் உயிர்நிலை வேறிடத்திலுள்ளது. சதர்லண்டின் திரையில் ஒருவர் கோணலான ஆறுபக்க உருவொன்றை வரையலாம். பின் அதன் முனைகள் யாவும் ஒரு வட்டத்தின்மீது அமையவேண்டும், பக்கங்கள் யாவும் சமமாகவேண்டும் என்ற நிபந்தனைகளை விதிக்கலாம். கணனி அந்நிபந்தனைகள் நிறைவேறும்வரை உருவைத் திருத்தி ஒழுங்கான அறுகோணியாக்கும். அவ்வறுகோணியை மூலவுருவாகக் கொண்டு நூற்றுக்கணக்கான பிரதிகளைத் திரையிற் பரப்பலாம். மூலவுருவை அரைவட்டமாக மாற்றினால் பிரதிகள் யாவும் ஒருங்கே மாறி, அறுகோண வலை மீன்செதிலாகத் தோன்றும். பிளாங்கின் மூலமாதிரி இங்கே இரும்பை விட்டு நினைவகத்தினுள் நுழைந்துவிட்டது.

சதர்லண்ட் எதிர்கொண்ட ஓர் இடர்ப்பாடு குறிப்பாக நோக்கற்பாலது. நிபந்தனைகளை எவ்வொழுங்கில் நிறைவேற்றுவது? முதலாவதைத் தீர்த்தபின் இரண்டாவது, இரண்டாவதைத் தீர்த்தபின் மூன்றாவது என்றவாறு செல்லக்கூடிய ஓர் ஒழுங்கு காணப்படுமாயின் ஒரே சுற்றில் விடை கிட்டும். அவ்வொழுங்கை அவரது செய்நிரல் முதலில் தேடியது. அது காணப்படாதவிடத்து, அதாவது ஒன்றையொன்று வட்டமாகச் சார்ந்திருக்குமிடத்து, எல்லாவற்றையும் சிறிது சிறிதாகத் திருத்தித் திருத்தி அண்ணளவாக நெருங்கும் முறையைக் கையாண்டது. நேர்ச்சார்பும் வட்டச்சார்பும் என்ற இவ்வேறுபாடே பின்னர் வந்த வடிவமைப்பு மென்பொருள்கள் அனைத்தையும் அலைக்கழித்தது.

சதர்லண்ட் காட்டிய வழியைக் கைத்தொழில் உலகம் உடனே பின்பற்றவில்லை. அடுத்த இருபதாண்டுகளில் விற்பனையான முறைமைகளிற் பெரும்பாலானவை மின்னியல் வரைபலகைகளே. கோடுகள் விரைவாக வரையப்பட்டன, அழிக்கப்பட்டன. ஆனால் கோட்டிற்கும் கோட்டிற்கும் உள்ள உறவு கணனிக்குத் தெரியாது. இந்நிலையை மாற்றியவர் சோவியத் நாட்டிலிருந்து அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த கணிதவியலாளர் சாமுவேல் கைஸ்பேர்க். அவர் 1985இல் தொடங்கிய பரமெற்றிக் ரெக்னோலொஜி நிறுவனம், அத்தசாப்த முடிவிற்குள் புறோ எஞ்சினியர் என்னும் மென்பொருளை வெளியிட்டது. அதில் ஒரு பாகம் என்பது கோடுகளின் தொகுதியன்று; ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்த செயல்களின் வரலாறு. முதலில் ஒரு கட்டி, அதன்மேல் ஒரு துளை, பின் விளிம்பில் ஒரு வளைவு என்றவாறு ஒவ்வொரு செயலும் தனக்கு முந்தியவற்றைச் சுட்டிநிற்கும். அளவுகள் நிலையான எண்களாகவன்றிப் பரமானங்களாக இருந்தன. முந்தியதன் பரமானத்தை மாற்றினால் பிந்தியவை யாவும் மீளக் கணிக்கப்படும். முந்தியதைப் பெற்றார் என்றும் பிந்தியதைப் பிள்ளை என்றும் அத்துறையினர் வழங்குவர். பெற்றாரின் பெயரிலேயே பிள்ளை அறியப்படும் எமக்கு இவ்வழக்கு எளிதில் விளங்குவதே.

குடும்பங்களைப் போலவே இங்கும் தொல்லை உறவிலிருந்தே பிறந்தது. மூடியின் துளையை அதன் ஒரு விளிம்பிலிருந்து இத்தனை மில்லிமீற்றர் என்று ஒருவர் குறித்துவிட்டார் எனக் கொள்வோம். பின்னர் வேறொருவர் அழகு கருதியோ, கையைக் கிழிக்குமென்று அஞ்சியோ, அவ்விளிம்பை வளைத்துவிடுகின்றார். விளிம்பு இப்பொழுது இல்லை, துளை அநாதையாகின்றது. கணனி வேலையை நிறுத்திவிடும், அல்லது அதனினும் தீங்காக, பெயரளவில் ஒத்த வேறொரு விளிம்பைப் பற்றிக்கொண்டு துளையைத் தவறான இடத்திற் கொண்டுபோய் வைக்கும். இது ஒரு பாகத்தினுள் நிகழ்வது. பல பாகங்களைப் பொருத்தும் தொகுதியில் இது பன்மடங்காகும். மூடியின் துளைகள் உறையின் துளைகளை நேரே சுட்டிநிற்கும்படி அமைத்துவிட்டால், உறையை மாற்றுந்தோறும் மூடியும் மாறும். அதுவே வேண்டப்பட்டதும் ஆகும். ஆனால் அதே மூடி வேறொரு பம்பியிலும் பயன்படுகின்றதெனின்? அந்தப் பம்பியைப் பற்றி ஏதும் அறியாத ஒருவர் இந்த உறையைத் திருத்த, எங்கோ இன்னொரு பொறியின் மூடி பொருந்தாது போகின்றது. இனி உறையின் தடிப்பு மூடியையும், மூடியின் அகலம் உறையையும் சார்ந்திருப்பின், மீளக் கணிக்குந்தோறும் பொறி சிறிது சிறிதாக வளரும் அல்லது தேயும்; முடிவு காணாது.

வட்டச்சார்பை முறையாக ஆராய்ந்தவர்களுள் டொனால்ட் ஸ்ரூவேட் குறிப்பிடத்தக்கவர். அவர் 1981இல் வெளியிட்ட கட்டுரையிற் கூறிய முறை எளிமையானது. வடிவமைப்பு வேலைகள் யாவற்றையும் நிரையாகவும் அதே ஒழுங்கில் நிரலாகவும் எழுதி, எது எதனைச் சார்ந்ததோ அக்கட்டத்தில் ஓர் அடையாளமிட்டுச் சதுரத் தாயம் ஒன்றை அமைக்கவேண்டும். பின் அடையாளங்கள் யாவும் மூலைவிட்டத்திற்கு ஒருபக்கத்தே வரும்வகையில் ஒழுங்கை மாற்றி மாற்றிப் பார்க்கவேண்டும். எவ்வளவு மாற்றியும் மறுபக்கத்திலேயே நிற்கும் அடையாளங்கள் வட்டச்சார்பைக் காட்டுவன. அவ்விடத்தே எவரேனும் ஒரு பெறுமானத்தைத் துணிந்து ஊகித்துக்கொண்டு வேலையைத் தொடங்கவேண்டும்; பின்னர் ஊகத்தைச் சரிபார்க்கவேண்டும். யார் ஊகிப்பது என்பதைத் தாயம் கூறாது. அது அதிகாரம் பற்றிய வினா.

நடைமுறையில் வடிவமைப்போர் கண்ட தீர்வு எலும்புக்கூட்டு முறை எனப்படுவது. தொகுதியின் முக்கிய தளங்கள், அச்சுக்கள், துளைகளின் நிலைகள் ஆகியவற்றை மட்டும் கொண்ட, உலோகமேயில்லாத ஒரு பாகத்தை முதலில் வரைவர். உறையும் மூடியும் ஒன்றையொன்று பாராது அவ்வெலும்புக்கூட்டையே பார்க்கவேண்டும். சார்பு மேல்நோக்கி மட்டுமே செல்லும்; பக்கவாட்டிற் செல்லாது. இது பிளாங்கின் அளவுமானியே என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆயின் அளவுமானி இரும்பாலானதாகையால் அதனை எவரும் இரவோடிரவாக மாற்ற இயலாது. எலும்புக்கூட்டை மாற்ற ஒரு விசையை அழுத்துதல் போதும். எனவே அதனை மாற்றும் உரிமை யாருக்கு, மாற்றத்தை எவ்வெவருக்கு அறிவித்தல் வேண்டும், எக்கட்டத்தின் பின் அது மாற்றப்படலாகாது என்ற விதிகள் மென்பொருளுக்கு வெளியே தேவைப்பட்டன.

இவ்விதிகள் சிறப்பாக இயங்கியதற்கு வழமையாகக் காட்டப்படும் உதாரணம் போயிங் 777. 1990 ஒக்டோபரில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் விமானம் முழுவதும் கணனியிலேயே வடிவமைக்கப்பட்டது. பிரான்சின் டசோ நிறுவனம் உருவாக்கிய கட்டியா என்னும் மென்பொருள் பயன்பட்டது. முழு மாதிரியுரு கட்டும் வழக்கம் கைவிடப்பட்டு, பாகங்கள் கணனியிலேயே பொருத்திப் பார்க்கப்பட்டன. ஒரே இடத்தை இரு பாகங்கள் பற்றிக்கொள்ளுமாயின் கணனி அதனைச் சுட்டிக்காட்டும். 1994 ஏப்பிரல் 9ஆம் திகதி முதல் விமானம் காட்சிக்கு வந்தது. யூன் 12இற் பறந்தது. அதன் உடற்பகுதிகள் வியக்கத்தக்க நுண்மையுடன் பொருந்தின என்பர். ஆனால் கணனி மோதலைக் காட்டவல்லதேயன்றி விலகவேண்டியவர் யாரென்று சொல்லவல்லதன்று. அதனைத் தீர்த்தவை 200க்கு மேற்பட்ட வடிவமைப்பு–கட்டுமானக் குழுக்கள். வடிவமைப்போரும், தொழிற்சாலையிற் செய்வோரும், பழுதுபார்ப்போரும், விமானக் கம்பனிகளின் பிரதிநிதிகளும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். மோன்ஜின் காலத்திற் பிரிந்த வரைபவனும் செய்பவனும் அங்கே மீண்டும் சந்தித்தனர். 777இன் வெற்றியை மென்பொருளின் வெற்றியாகப் பலர் எழுதியுள்ளனர். மேசையின் வெற்றி என்பதே பொருத்தம் என்பது என் துணிபு.

இதற்கு மறுதலையான உதாரணம் எயார்பஸ் ஏ380. 1970இற் பல நாடுகளின் கூட்டாகத் தோன்றிய எயார்பஸ், 2001இலேயே ஒரே கம்பனியாயிற்று. அதற்கு முந்திய ஆண்டு டிசெம்பரில் ஏ380 திட்டம் தொடங்கப்பட்டுவிட்டது. சிறகுகள் பிரித்தானியாவின் புறோட்டனில், உடற்பகுதியின் பெரும் பாகங்கள் ஜேர்மனியின் ஹம்பேர்க்கில், வாற்பகுதி ஸ்பெயினில், ஏனையவை பிரான்சில் என உற்பத்தி பங்கிடப்பட்டது. யாவும் கப்பலிலும் ஆற்றுத் தெப்பத்திலும் தெருவிலுமாகத் துலூஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்டுப் பொருத்தப்பட்டன. 2005 ஏப்பிரல் 27இல் முதல் விமானம் பறந்தது. வெளித்தோற்றத்தில் யாவும் நன்று.

இடர் உள்ளே இருந்தது. ஏ380 ஒன்றில் 500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமுள்ள மின்கம்பிகள் உள்ளன. அவை கட்டுக்கட்டாகப் பிணைக்கப்பட்டு உடற்பகுதியின் சட்டங்களினூடு வளைந்து நெளிந்து செல்வன. ஹம்பேர்க்கிலிருந்து கம்பிகள் பூட்டப்பட்டு வந்த பகுதிகளைத் துலூஸிற் பொருத்த முற்பட்டபோது, பல கட்டுகள் இணைக்கவேண்டிய இடத்தை எட்டவில்லை. சில குறைவு சென்ரிமீற்றர்க் கணக்கினது. ஆனால் மின்கம்பி இழுத்தால் நீளாது. ஜேர்மனியரும் ஸ்பானியரும் கட்டியாவின் நான்காம் பதிப்பையும், பிரெஞ்சுக்காரரும் பிரித்தானியரும் ஐந்தாம் பதிப்பையும் பயன்படுத்தினர் என்பது பின்னர் வெளிப்பட்டது. ஐந்தாம் பதிப்பு நான்காவதன் திருத்தமன்று. அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்டது. ஒன்றிலிருந்து மற்றதற்கு உருவை மாற்றலாம். உருவின் பின்னாலிருந்த உறவுகளையும் விதிகளையும் முழுமையாகக் கொண்டுசெல்ல இயலாது. நிறையைக் குறைக்கும் பொருட்டுப் பல இடங்களிற் செப்புக் கம்பிக்குப் பதிலாக அலுமினியக் கம்பி கையாளப்பட்டமை இதனுடன் சேர்ந்துகொண்டது. அலுமினியக் கம்பியைச் செப்பைப்போல் இறுக்கமாக வளைத்தலாகாது. வளைவு அகன்றால் வழி நீளும். வழி நீண்டால் கம்பி போதாது. போதாததற்கு, ஒவ்வொரு விமானக் கம்பனியும் தன் பயணிகளுக்கு வெவ்வேறு ஆசன ஒழுங்கையும் பொழுதுபோக்குச் சாதனங்களையும் கேட்டமையால், ஒரு கம்பனிக்குச் செய்த திருத்தம் மற்றதற்குப் பயன்படவில்லை.

2006 யூன் 13இல் மேலும் தாமதம் அறிவிக்கப்பட்டது. மறுநாள் தாய்நிறுவனமான ஈ.ஏ.டி.எஸ்.இன் பங்குவிலை 26 வீதம் வீழ்ந்தது. யூலை 2இல் அதன் இணைத் தலைமை நிர்வாகி நொயல் போர்ஜார், எயார்பஸ் தலைவர் குஸ்ராவ் ஹம்பேர்ட் ஆகிய இருவரும் பதவி விலகினர். அடுத்து வந்த கிறிஸ்ரியன் ஸ்ரெய்வ் ஒக்டோபரில், ஏறத்தாழ நூறு நாட்களில், தாமும் விலகினார். 2010 வரையான இலாபத்தில் 4.8 பில்லியன் யூரோ குறையும் என மதிப்பிடப்பட்டது. ஜேர்மனியிலிருந்து நூற்றுக்கணக்கான தொழிலாளர் துலூஸுக்கு அனுப்பப்பட்டு, முதற்றொகுதி விமானங்களின் கம்பிகளைக் கையாலேயே மீளப் பூட்டினர். கொல்லனின் அரம் இருபத்தோராம் நூற்றாண்டிலும் தேவைப்பட்டது. முதல் விமானம் சிங்கப்பூர் எயார்லைன்சிடம் 2007 ஒக்டோபர் 15இல் ஒப்படைக்கப்பட்டது. முதலிற் குறித்த காலத்திலிருந்து ஏறத்தாழ ஈராண்டு கடந்திருந்தது.

‘இரண்டு பதிப்புகள், ஒரு விமானம்’ என்று இத்தோல்விக்குக் காரணங் கூறுவது எளிது; பெரும்பாலும் அவ்வாறே கூறப்படுகின்றது. இவ்விளக்கத்தை நான் ஏற்கத் தயங்குகின்றேன். பதிப்புகள் இரண்டாயிருந்தமை ஏன் என்ற வினாவை அது கேட்பதில்லை. ஹம்பேர்க்கில் நான்காம் பதிப்பு பயன்பட்டமை அறியாமையாலன்று. அங்குள்ளோர் அதிற் பழகியிருந்தனர். அதற்கெனப் பல துணைக்கருவிகளை உருவாக்கியிருந்தனர். மாறுமாறு அவர்களைப் பணிக்கவல்ல அதிகாரம் துலூஸிற்கு இருக்கவில்லை. 2000இல் உருவான ஈ.ஏ.டி.எஸ். நிறுவனத்தில் பிரெஞ்சுக்காரர் ஒருவரும் ஜேர்மனியர் ஒருவருமாக இரு தலைவர்கள், இரு தலைமை நிர்வாகிகள் இருந்தனர். 2007 வரை இந்நிலை நீடித்தது. ஒரு முறைமையை வடிவமைக்கும் நிறுவனம் தன் சொந்தத் தொடர்பாடல் அமைப்பையே அம்முறைமையிலும் பிரதிசெய்யும் என்று மெல்வின் கொன்வே 1968இல் எழுதினார். அவர் எழுதியது கணனிச் செய்நிரல்களை மட்டும் குறித்தன்று. ஏ380இன் உடற்பகுதியில் கம்பிகள் எட்டாது நின்ற இடம், இரு நிருவாகங்கள் ஒன்றையொன்று எட்டாது நின்ற இடமே.

என் தயக்கத்திற்கு மற்றுமொரு சான்று எதிர்த்தரப்பிலிருந்தே கிடைக்கின்றது. 777இல் வெற்றி கண்ட அதே போயிங் கம்பனி, அடுத்த 787 விமானத்தை யப்பான், இத்தாலி முதலிய நாடுகளின் பங்காளிகளுக்குப் பகிர்ந்தளித்தது. இம்முறை பங்காளிகளுக்கெனக் கட்டியா ஐந்தாம் பதிப்பே பொதுவாக வகுக்கப்பட்டது. பதிப்பு வேறுபாடு என்ற குற்றச்சாட்டிற்கு இடமில்லை. 2007 யூலை 8இற் காட்சிக்கு வைக்கப்பட்ட விமானம் தற்காலிக ஆணிகளாற் பூட்டப்பட்ட வெற்றுக்கூடாகவே இருந்தது. முதற்பறப்பு 2009 டிசெம்பர் 15இலும், முதல் ஒப்படைப்பு 2011 செப்ரெம்பரிலுமே நிகழ்ந்தன. மூன்றாண்டுகளுக்கு மேற்பட்ட தாமதம். போயிங் தான் வரைவதை மட்டுமன்றி, தன் பாகங்கள் எவ்வாறு ஒன்றையொன்று சார்ந்துள்ளன என்ற அறிவையும் வெளியாருக்குக் கொடுத்துவிட்டது. மேசை இருந்தது, மேசையைச் சுற்றி அமரவேண்டியவர்கள் வெவ்வேறு கண்டங்களில் இருந்தனர்.

இதனாற் கருவிகள் பொருட்டல்ல என்று கூறுவதாகக் கொள்ளலாகாது. ஏ380இன் அனுபவத்தின் பின், 2013இல் முதற்பறப்பு மேற்கொண்ட ஏ350 விமானத்திற்கு எயார்பஸ் தன் எல்லாப் பிரிவினரையும் பெரும் பங்காளிகளையும் ஒரே கணனி மாதிரியுருவிற் பணிசெய்யச் செய்தது. ஏ380 வர்த்தக ரீதியில் முடிவுற்றமைக்குக் கம்பிகளே காரணம் என்பதும் மிகை. நான்கு இயந்திரங்கள் கொண்ட பெருவிமானத்தை வாங்குவோர் குறைந்தமையே முக்கிய காரணம். 2019 பெப்ரவரியில் உற்பத்தி நிறுத்தம் அறிவிக்கப்பட்டு, 2021 டிசெம்பரில் 251ஆவது விமானத்துடன் அது நிறைவுற்றது.

வரலாற்று மாணவன் என்ற முறையில் எனக்கு எஞ்சியுள்ள கவலை வேறு. 747இன் வரைபடத்தை எதிர்காலத்தவர் ஒருவர் எடுத்து விரித்தால் வாசிக்கலாம். தாளும் மையும் கண்ணும் போதும். 777இன் உருக்களையோ ஏ380இன் உருக்களையோ வாசிப்பதற்கு அவற்றைப் படைத்த மென்பொருளின் அதே பதிப்பு வேண்டும். இதனை உணர்ந்தே, எந்தக் கம்பனிக்கும் உரியதல்லாத பொதுவடிவில் உருக்களைப் பேணும் ஸ்ரெப் என்னும் சர்வதேச நியமம் வகுக்கப்பட்டு, அதன் முதற் பகுதிகள் 1994இல் வெளியாயின. ஆவணக்காப்பிற்கு இன்று பெரிதும் கையாளப்படுவது அதுவே. ஆனால் அப்பொதுவடிவுக்கு மாற்றும்போது எஞ்சுவது பெரும்பாலும் பாகத்தின் இறுதி வடிவம் மட்டுமே. எச்செயலின் பின் எச்செயல் நிகழ்ந்தது, எந்தத் துளை எந்த விளிம்பைச் சுட்டிநின்றது, உறைக்கு மூடி விட்டுக்கொடுத்ததா மூடிக்கு உறை விட்டுக்கொடுத்ததா என்பவை மாற்றத்தின்போது உதிர்ந்துவிடுகின்றன. மூடியில் ஆறு துளைகள் இருக்கும். அவை ஏன் அங்கே இருக்கின்றன என்பது, மோன்ஜின் காலத்துத் தாளிற் போலவே, மீண்டும் எவரோ ஒருவரின் மனத்தில் மட்டும் இருக்கும்.